தலைவரின் குரலும் தமிழில் எடுத்துரைத்தவரின் குரலும்: போஸ் பற்றிய திரைப்படத்தைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து நோக்குதல்



கேமரன் மலைத் தமிழ்ப்பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரியர்கள் சிலர் என்னிடம் அவ்வப்போது ஒரு வினாவை எழுப்புவதுண்டு. வரலாற்றுப் பாடத்திற்குத் துணையாகத் திரைப்படம் காட்டலாமா, காட்டினால் மாணவர்க்கு எதை எடுத்துச் சொல்வது என்பதே அவ்வினா. நான் வரலாற்றறிஞன் அல்லேன், மொழியியல் பயின்றவன். ஆகவே மொழியியலின் வழிநின்று ஒரு விடை கூற முயல்கிறேன். அதற்கு எடுத்துக்காட்டாக ஒரு திரைப்படத்தைத் தெரிந்துகொண்டுள்ளேன். அது 2005ஆம் ஆண்டில் வெளிவந்த, சியாம் பெனகல் இயக்கிய 'நேதாஜி சுபாஷ் சந்திர போஸ்: தி பர்காட்டன் ஹீரோ' என்னும் இந்திப் படமாகும். சச்சின் கேடேகர் போஸாக நடித்தார், ஏ. ஆர். ரகுமான் இசையமைத்தார். நாட்டு ஒருமைப்பாட்டிற்கான சிறந்த படம் என்னும் இந்திய தேசிய விருதும் அதற்குக் கிட்டியது.

மூன்று மணி நேரத்திற்கும் மேல் நீளும் இப்படம், போஸின் இறுதி ஆண்டுகளைக் காட்டுகிறது. 1941 சனவரியில் கல்கத்தா வீட்டுக்காவலிலிருந்து தப்பியது, காபூல் வழியாக ஜெர்மனி சென்றது, 1943இல் நீர்மூழ்கிக் கப்பலில் கிழக்கு நோக்கி வந்தது, சிங்கப்பூரில் இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்றது எனக் கதை விரிகிறது. இதன் பிற்பகுதி நம் மண்ணோடும் நம் மூத்தோரோடும் நேரடித் தொடர்புடையது. ஆதலால் நம் மாணவர் இதனைப் பார்ப்பது தக்கதே. எங்கிருந்து பார்ப்பது என்பதுதான் இவ்வுரையின் பொருள்.

பாட்டி சொன்ன செய்தி

என் பாட்டியார் இம்மலையில் ஒரு தோட்டத்தில் கொழுந்தெடுத்தவர். இளமையில் போர்க்காலத்தைக் கீழ்நாட்டு இரப்பர்த் தோட்டமொன்றில் கழித்தவர். மொழியியல் மாணவனாக இருந்த காலத்தில் அவருடைய பேச்சைக் குறித்துக்கொள்ள அமர்ந்தேன். சொற்களைத் திரட்டுவதே என் நோக்கம். நேதாஜியைப் பார்த்ததுண்டா என்று இடையில் ஒருமுறை கேட்டேன். "நேதாசிய நான் எங்கய்யா பாத்தேன்? பெரட்டுக்களத்துல ஒருத்தரு பலகை மேல ஏறி நின்னு தமிழ்ல சொன்னாரு. அதத்தான் கேட்டோம்" என்றார். சொன்னவர் பெயர் என்ன என்றேன். "அதை யாரு கேட்டா?" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடிக்கத் தொடங்கினார்.

அன்று நான் குறிப்பேட்டில் எழுதியது 'பெரட்டு' என்ற ஒரு சொல்லை மட்டுமே. காலையில் தோட்டத் தொழிலாளரை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் வழக்கத்திற்கு வழங்கும் அச்சொல், ஆங்கிலப் 'பரேட்' என்பதன் திரிபு. ஒலித்திரிபில் எனக்கிருந்த ஆர்வம், பாட்டி சொன்ன செய்தியில் இல்லாமற் போயிற்று. நேதாஜியைப் பற்றித் தோட்டத்து மக்கள் அறிந்ததில் பெரும்பகுதி, பெயர் அறியப்படாத ஒரு தமிழரின் வாய்வழி வந்தது என்பதே அச்செய்தி. அதன் பொருள் விளங்க எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

மொழியால் கட்டுண்ட தலைவர்

போஸின் வாழ்க்கையை மொழிச்சிக்கலின் வரலாறாகவும் படிக்கலாம். அவர் தாய்மொழி வங்காளம். கல்வி மொழி ஆங்கிலம். 1941இல் எல்லைப்புற மலைகளைக் கடந்து காபூல் சென்றபோது அப்பகுதியின் பஷ்தூ மொழி அவருக்குத் தெரியாது. ஆகவே, பேச்சும் செவிப்புலனும் அற்றவராக நடித்தார். நாடெங்கும் பேச்சாற்றலுக்குப் பெயர் பெற்ற ஒருவர், மொழி தெரியாமையால் ஊமையாக வேடம் புனைய நேர்ந்தது.

இந்தியா போன்ற பன்மொழி நாட்டிற்குப் பொதுமொழி எது என்னும் வினாவுக்கு, 1938ஆம் ஆண்டு ஹரிபுரா காங்கிரஸ் தலைமையுரையிலேயே அவர் விடை தேடினார். உரோமன் எழுத்தில் எழுதப்படும் இந்துஸ்தானி என்பது அவர் கண்ட வழி. இந்திய தேசிய இராணுவத்தில் அதுவே நடைமுறைக்கு வந்தது. நாகரி எழுத்தும் உருது எழுத்தும் தத்தம் சமயத்தாரோடு தொடர்புபடுத்தப்பட்டிருந்த சூழலில், இரண்டுக்கும் பொதுவான வெளியெழுத்தை ஏற்பது ஒற்றுமைக்கு வழி என்று கருதினர். ஆனால் மலாயாவில் படையில் சேர்ந்த பொதுமக்களுள் பெரும்பாலோர் தமிழர். அவர்களுக்கு அந்த மொழியும் புதிது. அந்த எழுத்தும் பலருக்குப் புதிது.

1943 சூலை 4ஆம் நாள் சிங்கப்பூர் கேத்தே திரையரங்கில் ராஷ் பிகாரி போஸிடமிருந்து இந்திய விடுதலைக் கழகத்தின் தலைமையைச் சுபாஷ் சந்திர போஸ் ஏற்றார். மறுநாள் பாடாங் திடலில் படையினர்முன் 'தில்லி நோக்கிச் செல்வோம்' என்னும் முழக்கத்தை எழுப்பினார். அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள் அதே கேத்தே அரங்கில் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்தார். பின்னர்த் திரைப்படமாக வரவிருந்த நிகழ்ச்சிகள் ஒரு திரையரங்கிலேயே நிகழ்ந்தது கருதத்தக்கது. மலாயாக் கூட்டங்களில் அவர் பெரும்பாலும் இந்துஸ்தானியில் பேசினார்; தமிழர் மிக்க கூட்டங்களில் அவ்வுரை தமிழில் பெயர்த்துச் சொல்லப்பட்டது. நகரங்களில் நடந்த கூட்டங்களின் நிலை இது. தோட்டங்களிலோ, கழகக் கிளைகளைச் சார்ந்த தமிழ்ப் பேச்சாளர்களே அவ்வுரைகளின் கருத்தைக் கொண்டுசென்றனர்.

திரைப்படத்தின் மொழி மரபு

வரலாற்றுத் திரைப்படத்தில் தலைவர் உரையாற்றும் காட்சிக்கு ஒரு நிலைத்த வடிவம் உண்டு. தலைவர் பேசுவார்; கேட்போர் முகங்கள் காட்டப்படும்; ஆரவாரம் எழும். பேச்சுக்கும் ஆரவாரத்துக்கும் இடையில் மொழிபெயர்ப்பாளர் நின்றால் காட்சியின் வேகம் தடைப்படும். ஒவ்வொரு தொடருக்கும் பின்னர் நிறுத்தம், பெயர்ப்பு, அதன்பின் கைதட்டல் என்ற உண்மையான ஒழுங்கு, திரையின் தாளத்துக்குப் பெரும்பாலும் ஒத்துவருவதில்லை.

இவ்வடிவம் எங்கே இயல்பாகப் பொருந்துகிறது என்பதற்கு ஓர் ஒப்பீடு உதவும். 2017இல் ஜோ ரைட் இயக்கிய 'டார்க்கஸ்ட் ஹவர்' என்னும் படம், 1940 மே மாதத்தில் பிரிட்டனின் தலைமை அமைச்சரான வின்ஸ்டன் சர்ச்சிலைப் பற்றியது. அவ்வாண்டு சூன் 4இல் அவர் நாடாளுமன்றத்தில் ஆற்றிய உரையே படத்தின் உச்சம். தலைவரும் கேட்போரும் ஒரே மொழியினர் ஆதலால் அவ்வுச்சம் நம்பத்தக்கதாக அமைகிறது. அப்படத்திலும் ஒரு கற்பனைக் காட்சி உண்டு. சர்ச்சில் நிலத்தடி இரயிலில் ஏறிப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்பதாகக் காட்டப்படுவது வரலாற்றில் நிகழாதது. கேட்போரைத் தலைவருக்கு அருகில் கொண்டுவர வேண்டும் என்னும் தேவை அக்கற்பனையைத் தோற்றுவித்தது. தலைவரைப் பற்றிய படம் எடுப்போர்க்கு மக்கள் எங்கே என்னும் வினா எழாமல் இராது என்பதையே இது காட்டுகிறது.

தமிழ்ப்படத்திலும் இதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. 1996இல் ஷங்கர் இயக்கிய 'இந்தியன்' படத்தில் கமல்ஹாசன் ஏற்ற சேனாபதி என்னும் பாத்திரம், இந்திய தேசிய இராணுவத்தின் முன்னாள் வீரர். அங்கே தமிழ் வீரர் கதையின் நடுவிடத்தில் நிற்கிறார்; போஸ் சில கணங்கள் மட்டுமே தோன்றுகிறார். தலைவரை நடுவில் வைத்தால் கேட்போர் மங்குவதும், கேட்டவரை நடுவில் வைத்தால் தலைவர் மங்குவதும் இவ்விரு படங்களையும் அடுத்தடுத்துக் கண்டால் விளங்கும்.

நம் மாணவர் நிலையில் மற்றொரு சிறப்பும் உண்டு. மலேசியாவில் இந்திப் படங்களை நாம் பெரும்பாலும் மலாய்த் துணைவரிகளின் உதவியோடு காண்கிறோம். ஆகவே இம்மலைத் தோட்டத்துத் தமிழ்ப்பிள்ளை, வங்காளத் தலைவரின் உரையை, இந்தி நடிகரின் வாய்வழி, மலாய் எழுத்தில் படித்து அறிகிறது. அப்பிள்ளையின் பூட்டி அதே உரையைத் தமிழில் கேட்டிருக்கலாம். அந்தத் தமிழ் உரை இன்று திரையில் எவ்விடத்தும் இல்லை.

மூன்று சொற்கள்

மொழிபெயர்ப்பாளர் இல்லாமற் போவதால் இழப்பு என்ன? கருத்து ஒன்றுதானே என்று கேட்கலாம். மூன்று சொற்களைக் கொண்டு விடை காண்போம்.

முதலாவது, விடுதலை. 'ஆசாதி' என்னும் பாரசீகச் சொல்லுக்குத் தமிழில் 'சுதந்திரம்', 'விடுதலை' என இரண்டு சொற்கள் அன்று வழக்கில் இருந்தன. விடுதலையின் வேர் 'விடு'. தோட்டத்து மக்கள் நாள்தோறும் வழங்கிய 'வேலை விட்டாச்சு' என்னும் தொடரிலும் அவ்வேரே உள்ளது. ஆகவே விடுதலை என்னும் சொல், தொலைவிலுள்ள நாட்டின் அரசியலை மட்டுமன்றி, மண்டோரின் அதட்டலிலிருந்தும் கிராணியின் கணக்கிலிருந்தும் நீங்குவதையும் நினைவூட்டக்கூடியது. படையில் பயிற்சிக்கு வழங்கிய 'பரேட்' என்பதும், தோட்டத்துப் 'பெரட்டு' என்பதும் ஒரே ஆங்கிலச் சொல்லின் இரு வடிவங்கள். முன்னதில் நிமிர்ந்து நிற்க வேண்டும். தோட்டத்தில் குனிந்து நின்றவர்க்கு அவ்வேறுபாடு சிறியதன்று.

இரண்டாவது, தில்லி. கங்காணிகள் வழியாகவும் பின்னர்த் தாமாகவும் மலாயா வந்த தமிழர்க்கு 'ஊர்' என்பது சேலம், திருச்சி, தஞ்சை முதலிய பகுதிகளில் இருந்தது. ஊருக்குச் செல்லும் வழி பினாங்கிலிருந்து நாகப்பட்டினத்துக்கோ சென்னைக்கோ கப்பலேறுவது. தில்லி அவர்களுள் மிகப் பலர் காணாத நகரம். பர்மா வழியாக நடந்து செல்லும் பாதையும் அவர்கள் அறியாதது. போர் மூண்டபின் கப்பல் போக்குவரத்து நின்றுபோயிருந்தது. 'தில்லி நோக்கி' என்னும் முழக்கத்தைத் தமிழில் சொன்னவர், 'ஊருக்குப் போவோம்' என்னும் ஏக்கத்தையும் அதனோடு சேர்த்தே எழுப்பியிருப்பார். முழக்கத்தின் சொற்பொருள் ஒன்று. கேட்டவர் கொண்ட பொருள் மற்றொன்று.

மூன்றாவது சொல்லே மிகவும் கருதத்தக்கது. ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்னும் மூன்றும் அப்படையின் குறிக்கோளுரைகள். மூன்றாவதற்கு இந்துஸ்தானிச் சொல் 'குர்பானி'. தமிழ் முஸ்லிம்கள் அதனை ஹஜ்ஜுப் பெருநாளின் அறுப்பாக அறிவர். மாரியம்மன் கோயிலிலும் முனியாண்டி கோயிலிலும் வழிபடுவோர்க்கு அதற்கு நிகரான சொல் 'பலி'. பேச்சாளர்களோ 'தியாகம்' என்னும் சொல்லைத் தேர்ந்தனர். இன்றுவரை அதுவே நிலைத்தது.

இவ்விரு சொற்களும் ஏற்கும் வினைகளை நோக்குக. தியாகம் 'செய்கிறோம்', பலி 'ஆகிறோம்'. முன்னதில் மனிதர் வினை செய்பவர். பின்னதில் வினைக்கு ஆளாகுபவர். தோட்டத்தில் பிறர் ஏவ இயங்கியவர்க்குத் 'தியாகம் செய்வோம்' என்னும் தொடர், வாக்கியத்தின் எழுவாயாக நிற்கும் வாய்ப்பை வழங்கியது. குறிப்பாகப் பெண்களுக்கு. சென்னையில் பிறந்த மருத்துவர் லட்சுமியின் தலைமையில் அமைந்த ஜான்சிராணிப் படையில் மலாயாத் தமிழ்ப் பெண்கள் பெருந்திரளாகச் சேர்ந்தனர். கோலாலம்பூரில் பிறந்த ஜானகி, அப்படையின் துணைத்தலைமைப் பொறுப்பில் விளங்கினார்; பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன் என்னும் பெயரில் மலேசியப் பொதுவாழ்வில் பணியாற்றினார். அப்படையிலிருந்த ராசம்மா பூபாலன், ஆசிரியராகிப் பெண்ணாசிரியர்களுக்குச் சம ஊதியம் கோரிப் போராடியவர். இவ்வவையிலுள்ள ஆசிரியைகள் பெறும் ஊதியத்தில் அப்போராட்டத்தின் பயனும் உண்டு.

செய்தவரும் ஆனவரும்

இவ்விடத்தில் படத்தின் சட்டத்துக்கு வெளியே சென்றாக வேண்டும். தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டது 1943 அக்டோபர் 21. அதற்கு நான்கு நாள் முன்னர், அக்டோபர் 17இல், சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் இரயில் பாதையின் இரு முனைகளும் ஒன்றாக இணைக்கப்பட்டன. ஜப்பானியர் அமைத்த அப்பாதையில் நேச நாட்டுப் போர்க்கைதிகளோடு ஆசியத் தொழிலாளர்களும் வேலை வாங்கப்பட்டனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர். வாந்திபேதி, மலேரியா, பட்டினி, அடி ஆகியவற்றால் இறந்த ஆசியத் தொழிலாளர் தொகை போர்க்கைதிகளின் தொகையைவிடப் பல மடங்கு மிகுதி. நம் மூத்தோர் அதனைச் 'சயாம் மரண இரயில்' என்றே வழங்குகின்றனர்.

ஒரே ஆண்டில், ஒரே இனத்தாரிடையே, சில வேளைகளில் ஒரே தோட்டத்தில் இரு பயணங்கள் நிகழ்ந்தன. ஒருவர் படையில் சேர்ந்து பர்மா சென்றார். மற்றொருவர் இரயில் பாதைக்காகச் சயாம் சென்றார். போஸ் துணையாகக் கொண்ட ஜப்பானிய அரசே அப்பாதையையும் அமைத்தது. இதனை மறைத்துப் போஸைப் போற்றுவதும் முழுமையாகாது. இதனை மட்டும் சொல்லி, நிமிர்ந்து நின்றவர்களின் உணர்வை இகழ்வதும் நேர்மையாகாது.

நம் வழக்கிலுள்ள தொடர்களைக் கவனியுங்கள். படையில் இறந்தோரைப் பற்றி 'உயிர்த்தியாகம் செய்தனர்' என்கிறோம். இரயில் பாதையில் இறந்தோரைப் பற்றிப் 'பலியாயினர்' என்கிறோம். இலக்கணம் இறந்தவர்களையும் இரு கூறாகப் பிரித்துவிட்டது. வரலாற்று நாடகப் படங்கள் இயல்பாகவே 'செய்தவர்' பக்கம் சாய்கின்றன. நாடகத்திற்கு வினை செய்யும் எழுவாய் தேவை. 'ஆனவர்' கதையைச் சொல்ல வேறு வடிவங்கள் வேண்டியிருந்தன. மலேசியத் தமிழ்ப் புதினங்கள் அப்பணியை ஏற்றன. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகியவை இரயில் பாதையைப் பொருளாகக் கொண்டவை. அதே ரெங்கசாமி 'இமையத் தியாகம்' என்னும் புதினத்தில் விடுதலைப் படையினரின் கதையையும் எழுதினார். தமிழகத்தில் பிறந்து தென்கிழக்காசியாவில் வாழ்ந்த ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யில் படையும் வணிகமும் போரும் கலந்த தமிழர் உலகம் இடம்பெறுகிறது. படத்தைப் பார்க்கும் மாணவர் இவற்றுள் ஒன்றையேனும் உடன் படித்தல் நன்று.

வகுப்பறையில் செய்யத்தக்கவை

ஆசிரியர்களுக்கு மூன்று பயிற்சிகளைப் பரிந்துரைக்கிறேன்.

முதற்பயிற்சி. படத்தின் உரைக்காட்சி ஒன்றைத் தெரிந்து, முதலில் இயல்பாகக் காட்டுங்கள். பின்னர் ஒலியை நிறுத்திக் காட்டி, மேடையில் மொழிபெயர்ப்பாளர் எவரேனும் உளரா என்று தேடச் சொல்லுங்கள். கேட்போர் யார், எம்மொழியினர் என்பதை உடையாலும் முகத்தாலும் ஊகிக்கச் சொல்லுங்கள்.

இரண்டாம் பயிற்சி. மாணவரே மொழிபெயர்ப்பாளராகட்டும். துணைவரிகளைக் கொண்டு அவ்வுரையைத் தோட்டத்து மக்களுக்குச் சொல்வதுபோல் தமிழில் எழுதச் செய்யுங்கள். சுதந்திரமா விடுதலையா, தியாகமா பலியா, 'நீங்கள்' என்பதா 'நாம்' என்பதா என்னும் தெரிவுகளுக்குக் காரணம் கூறச் செய்யுங்கள். தமிழில் 'நாம்' கேட்போரையும் உள்ளடக்கும். 'நாங்கள்' அவர்களை விலக்கும். இந்துஸ்தானியின் 'ஹம்' இவ்வேறுபாட்டைக் காட்டாது. ஆகவே அவ்வுரையைத் தமிழாக்கியவர் ஒவ்வொரு முறையும் கேட்போரை உள்ளே சேர்ப்பதா வெளியே நிறுத்துவதா என்று தாமே முடிவு செய்தாக வேண்டும். அரசியல் உரையில் இதனினும் பெரிய முடிவு வேறில்லை.

மூன்றாம் பயிற்சி வீட்டில் செய்யத்தக்கது. தானா ராத்தாவிலோ ரிங்லெட்டிலோ பிரிஞ்சாங்கிலோ தோட்டத்து இல்லங்களிலோ வாழும் மூத்தோரிடம் மாணவர் சென்று, 'ஜப்பான்காரன் காலம்' பற்றித் தம் பெற்றோர் சொல்லக் கேட்டவற்றைக் கேட்டுப் பதிவு செய்யட்டும். அக்காலத்தை நேரில் கண்டோர் இன்று அரியர். கண்டவரிடம் கேட்டோர் இன்னும் உளர். அவர்கள் சொல்லும் சொற்களை அவ்வாறே எழுத வேண்டும். ஏட்டுத் தமிழாக மாற்றுதல் கூடாது. பெயர்களைத் தவறாமல் கேட்க வேண்டும்.

இறுதியாகக் கூறியது என் தவற்றிலிருந்து நான் கற்றது. பாட்டியிடம் சொல்லின் பிறப்பைக் கேட்டேன். பலகைமேல் நின்றவர் எவ்வூரார், என்ன தொழில் செய்தார், பின்னர் என்ன ஆனார் என்று கேட்கவில்லை. அடுத்த விடுமுறையில் கேட்கலாம் என்றிருந்தேன். அதற்குள் பாட்டியார் மறைந்துவிட்டார். நேதாஜியின் உரைகள் நூல்களிலும் திரையிலும் நிலைபெற்றுள்ளன. அவற்றைத் தோட்டத்து மக்களின் உள்ளத்தில் சேர்த்தவரின் தமிழ், கேட்டவர் நினைவில் மட்டுமே இருந்தது. அந்நினைவில் எஞ்சியதைத் தேடி எழுதும் பணியை, இதனைப் படிக்கும் மாணவர்களிடம் ஒப்படைக்கிறேன்.